குதிரைப் பல்லும் எல்டன் பல்லும்

"எழுதியே குடுத்துட்டியா? கையெழுத்தும் போட்டுட்டியா?"

"போட்டாச்சு. இப்ப அதுக்கென்ன?"

"அக்கா, அது உன் வாய்க்கால் முறை! வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் வர்ற தண்ணி. அதையும் தூக்கிக் குடுத்துட்டுத் தக்காளிக்கு என்னத்த ஊத்துவே? எச்சிலையா?"

"குதிரை ஊத்தும்டி. நம்பிக்கை இல்லேன்னா வாயைப் பொத்திக்கிட்டுப் போ!"

வேலிக்கு இந்தப் பக்கம் வெர்டா, அந்தப் பக்கம் தங்கை நீவா. ஜூனிபர் வளைவு ஊரில் பாதித் தெரு ஜன்னல் திரையை விலக்கிக் கேட்டது. மீதித் தெருவுக்கு விலக்க வேண்டிய அவசியமே இல்லை. அவ்வளவு சத்தம்.

குதிரை என்றால் மலைமேல் நிற்கும் பனிக்குதிரை. வசந்தத்தில் பனி உருக உருக, மேற்குச் சரிவில் வெள்ளையாக ஒரு குதிரை தெரியும். கால் கரைந்தால் தக்காளி நடு, வால் கரைந்தால் பீன்ஸ் போடு என்பது ஊர் வழக்கம். நாள்காட்டியை நம்பாதவர்கள்கூடக் குதிரையை நம்புவார்கள். அந்த வருஷம் மலையில் பனி விழுந்ததே அரைகுறை. ஏப்ரலிலேயே குதிரையின் கால் போயிற்று. மறுவாரம் தலையும் போயிற்று. வெர்டா வழக்கம் தவறாமல் கால் கரைந்த அன்றே நாற்று நட்டாள். நாலாம் நாள் உறைபனி வந்து அத்தனையையும் வேகவைத்த கீரையாக்கிவிட்டுப் போனது. ஜூன் மாத வெயிலில் இப்போது நிற்பது இரண்டாம் நடவு. இதுவும் போனால் குளிர்காலத்துக்கு அவள் போட்டு வைக்கும் நாற்பது ஜாடி தக்காளி, நாற்பது வெறும் ஜாடிதான்.

மனிதர் இப்படித் தவித்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் மகான்கள் வருவார்கள். கிளைட் பாஸ்கோம் வந்தான். இடுப்பு பெல்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளி பக்கிள், உபதேசம் செய்தே கரகரத்துப்போன குரல்.

"குதிரை சாகல, ஜனங்களே. மண்ணுக்குள்ள இறங்கியிருக்கு. நமக்காகப் பல்லை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு."

பல் என்று அவன் காட்டியது கட்டைவிரல் பருமனில் ஒரு வெள்ளைக் கல். காலையில் அதைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும். வரவேற்பாக ஒரு குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். மேலே கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்க்க வேண்டும். உச்சி வெயிலில் பார்த்தால் கிண்ணத்தின் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர்! மலையிலிருந்து குதிரை அனுப்பியது.

காசு வாங்கமாட்டான். காசு வாங்கினால் பல் கோபித்துக்கொள்ளுமாம். "குதிரையே தண்ணி குடுக்கும்போது உங்களுக்கு முறை எதுக்கு? இந்தக் கோடைக்கு மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்றான். தீவனக் கடை வாசலில் வரிசை நின்றது. மடக்கு நாற்காலியோடு வந்தவர்கள் உண்டு, ரொட்டி சுட்டு எடுத்து வந்தவர்களும் உண்டு. விஞ்ஞானப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார் மூன்றாவது ஆளாக நின்றார். நாற்பத்து மூன்று வீடு முறைச்சீட்டில் கையெழுத்துப் போட்டது.

அந்தச் சீட்டுகளை, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் மடைக்காரர் ஓரின் சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பதிவேட்டில் ஏற்றுவார். ஏற்றிவிட்டால் கோடை முடியும் வரை மாற்ற முடியாது.

வெள்ளிக்கிழமை நீவா வேலியோரம் வந்தாள். குரல் வெண்ணெயாக இருந்தது. "அக்கா, உன் பல்லை ஒரு நாளைக்குக் குடேன். நானும் கும்பிட்டுப் பார்க்கறேன்."

தங்கை திருந்திவிட்டாள் என்று வெர்டாவுக்குக் கண் கலங்கியது. கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை தீவனக் கடை முற்றத்தில் மூன்று சின்னக் குழிகள், மூன்றும் மண் மூடி. பக்கத்தில் ஒரே மாதிரி மூன்று கிண்ணங்களோடு நீவா.

"கிளைட் அண்ணே, ஒண்ணாவதுல கல் இருக்கு. ரெண்டாவதுல உருளைக்கிழங்கு. மூணாவதுல எங்க வீட்டுக்காரர் எல்டனோட பல்செட்டு. நீங்களே உங்க கையால தண்ணி ஊத்துங்க."

கூட்டம் சிரித்தது. வெர்டாவுக்கு மானம் போயிற்று. "புருஷன் பல்லையாடி கொண்டாந்து புதைக்கிறே?"

"குதிரைப் பல்லுக்குப் பந்தயம் கட்ட வேற பல்லு கிடைக்கலக்கா."

கிளைட் அசரவில்லை. முதல் குழியருகே மண்டியிட்டுப் பக்கிள் மண்ணில் இடிக்க இடிக்க நெடுநேரம் முணுமுணுத்தான். மூன்றுக்கும் குழிக்கொரு குவளை ஊற்றினான். கிண்ணங்களைக் கவிழ்த்தார்கள்.

பதினொன்றரைக்குத் திறந்தார்கள். கல் கிண்ணத்தில் முத்து. கிழங்குக் கிண்ணத்தில் முத்து. எல்டன் பல்லுக் கிண்ணமும் முத்து முத்தாக இளித்தது.

கூட்டத்தின் மூச்சு நின்றது. கிளைட் மூச்சு நிற்கவில்லை. அவன் தொழில் அப்படி. "பாத்தீங்களா! என் பல்லோட சக்தி பக்கத்துக் குழி வரைக்கும் பரவியிருக்கு!"

யாரோ கை தட்டக்கூடச் செய்தார்கள். விஞ்ஞான வாத்தியார்தான் என்று கேள்வி.

"உங்க பல்லா?" என்றாள் நீவா. "அது காலையிலேயே எங்க வீட்டுக்காரரோட வண்டியில அறுபது மைல் தள்ளிப் போயாச்சு. பல்செட்டு இல்லாம மனுஷன் பல் டாக்டரைப் பாக்கப் போயிருக்காரு. நீங்க மண்டி போட்டு மந்திரம் சொன்னது எங்க வாசல்ல கிடந்த சரளைக் கல்லுக்கு."

வெர்டா மெதுவாகக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இது எந்தத் தண்ணிடி?"

"நாம ஊத்தின தண்ணிதான்க்கா. வெயில் அதை மண்ணுலேர்ந்து உறிஞ்சுது, கிண்ணம் தடுத்துது. கிண்ணம் இல்லேன்னா வானத்துக்குப் போயிருக்கும். உன் தோட்டத்துல தினமும் நடக்கற திருட்டு இதுதான். மண்ணு மேல ஒரு சாண் வைக்கோல் போட்டு மூடு. கல்லுக்குச் செய்யற மரியாதையைச் செடி வேருக்குச் செய்."

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். முற்றத்துக்கு வந்து நின்ற ஓரின் கையில் சீட்டுக் கட்டு. வெர்டா கிளைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாற்பத்து மூன்று வீட்டுக்கும் அதுவரை தோன்றாத ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டாள்.

"தம்பி, குதிரைதான் தண்ணி குடுக்குதே. உனக்கு எங்க முறை எதுக்கு?"

பதிலை ஓரின் சொன்னார்: "எல்லாச் சீட்டும் இவரு மச்சான் வயலுக்குத்தான் எழுதியிருக்கு. வாய்க்கால் தலைமாட்டுல குதிரைமசால் தீவனம் போட்டிருக்காரே, அந்த வயலுக்கு."

பல் நமக்கு, தீனி அங்கே!

அடுத்த ஐந்து நிமிடத்தில் ஓரின் கையில் ஒரு சீட்டுகூட மிஞ்சவில்லை. முதலில் கிழித்தவள் வெர்டா. அன்று சாயங்காலத்துக்குள் தீவனக் கடையில் வைக்கோல் தீர்ந்தது. அக்டோபரில் அவள் அலமாரியில் முப்பத்தொரு ஜாடி நிறைந்தது. பஞ்ச வருஷத்துக்கு அது பெரிய விளைச்சல்.

அடுத்த வசந்தத்தில் வெர்டா ஓரினைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமே துணையை இழந்தவர்கள், நல்லதுதான். அவள் முறைக்கு மட்டும் தண்ணீர் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடுகிறது என்று ஊர் பேசுகிறது. நமக்கெதற்கு அந்தப் பேச்சு!

கிளைட் தெற்கே போய்விட்டான். அங்கே ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டானாம். அவளிடம் முந்நூறு அடி ஆழத்தில் வற்றாத போர்க்கிணறு இருக்கிறது. ஊருக்கெல்லாம் பல் கொடுத்தவன், தனக்கென்று வந்தபோது கிணறு இருக்கிற வீடாகப் பார்த்துத்தான் மாலை மாற்றியிருக்கிறான். விற்றவனே நம்பாத கல்லை, வாங்கியவர்கள் நாற்பத்து மூன்று வீட்டிலும் இன்னும் தூக்கி எறியாமல் அலமாரியில் வைத்திருக்கிறார்களே, எதற்கு என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கக்கூடாதா? யோசிப்பதற்கு முறைச்சீட்டு வேண்டாம்.