இடது கையால் அடித்த வெள்ளை

இந்த வருடம் ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்திருந்தேன். சைக்கிள் பந்தயத்தில்தான். வீட்டில் ஜெயிக்கும் ஆசையைக் கல்யாணமான புதிதிலேயே விட்டுவிட்டேன்.

திருப்பதியில், டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, நாற்பது தாண்டியவர்களுக்கான பந்தயம். அதற்காகச் சித்தூரிலிருந்து காணிப்பாக்கத்துக்கு விடியற்காலையில் மிதித்துப் பழகினேன். கோச் சுரேஷ்பாபு முதல் நாளே சொன்னார்: "காலேப் சார், டிரெயினிங் பாதி, ரெகவரி பாதி. கால் ஓய்வெடுக்கும்போதுதான் பலம் பிடிக்கும்."

எனக்கு இரண்டாவது பாதி மிகவும் பிடித்துப்போயிற்று. மிதித்துவிட்டு வந்தால் ரெகவரி. மிதிக்காத நாள் முழு ரெகவரி. காஸ் சிலிண்டர் தூக்கச் சொன்னால் ரெகவரி. தேங்காய் துருவச் சொன்னால்கூட ரெகவரி.

பந்தய வாரம் பிறந்ததும் என் மனைவி லோயிஸ் ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, சனிக்கெழம ராத்திரி சர்ச்சுல இருந்து கேரல்ஸ் பாட வராங்க. செவுரு பாக்க சகிக்கல. வெள்ள அடிச்சிக் குடுங்க."

"அன்னிக்கி காலையிலதான் பந்தயம். இது ரெகவரி வாரம்."

"மிதிக்கிறது காலு. கைக்கு இன்னாத்துக்கு ரெகவரி?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருப்பதில்லை. அதனால் மறுநாள் மாடிப்படியில் ஒரு சத்தத்தைக் கிளப்பி, வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காலைச் சொன்னால் பந்தயம் போய்விடும். கையைச் சொன்னால் பிரஷ் மட்டும்தான் போகும். சனிக்கிழமை விடிந்ததும் ஆண்டவர் சுகம் கொடுத்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

லோயிஸ் ஆஸ்பத்திரி நர்ஸ். மணிக்கட்டை அழுத்திப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

"வீக்கம் இல்ல. ஆனா எலும்பு விஷயம். புத்தூருக்குப் போய் கட்டுக் கட்டிக்கினு வரலாம்."

ஒரு நர்ஸ், எக்ஸ்ரேகூட எடுக்காமல் புத்தூர் கட்டுக்குக் கூப்பிடுகிறாளே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். பாசம் என்று நினைத்துவிட்டேன்.

புத்தூரில் கட்டுக்காரர் கையைத் தடவிப் பார்த்தார். லோயிஸ் அவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசினாள். திரும்பி வந்தவர் பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, துணி எல்லாம் வைத்து விரல் நுனி முதல் முழங்கை வரை கட்டிவிட்டார். காய்ந்ததும் கை உலக்கையாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு பிரேக்கைப் பிடிப்பது எப்படி?

"எப்ப பிரிக்கிறது?" என்றேன்.

"பொங்கல் வரிக்கும் இருக்கட்டுமாம்" என்றாள் லோயிஸ்.

வியாழக்கிழமை வரை தாக்குப்பிடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில், மூலையில் நின்ற சைக்கிளைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. மாதக்கணக்கில் மிதித்ததெல்லாம் வீணா?

"லோயிஸு, கைக்கு ஒண்ணுமில்ல. பொய் சொன்னேன். கட்டப் பிரிச்சி வுடு."

"தெரியும். எலும்பு நல்லா இருக்குதே, எதுக்கும்மா கட்டுன்னு அவரே கேட்டாரு. நீங்க கட்டுங்க, உண்மை தானா வெளிய வரும்னேன்."

"சரி, கத்திரிக்கோல் எங்க?"

"தேடணும். நீங்க செவுத்த முடிக்கிறதுக்குள்ள கெடச்சிடும்."

"வலது கை கட்டுல இருக்குதே!"

"எடது கைக்கு இன்னா? அது இத்தினி நாளா ரெகவரியிலதானே கீது?"

அன்று முழுக்க இடது கையால் வெள்ளை அடித்தேன். சுவரில் பாதி, என் மேல் பாதி. கடைசிச் சுவர் முடிந்த நொடியில் அவள் கைப்பையிலிருந்தே கத்திரிக்கோல் வெளியே வந்தது.

பந்தயத்தில் வலது கை மடங்க மறுத்தது. இடது கை நிமிர மறுத்தது. கால் மட்டும் பிரமாதமாக இருந்தது, என்ன பிரயோஜனம்? எனக்குப் பின்னால் வந்தது ஆம்புலன்ஸ் மட்டும்தான். "நேத்து சரியா ரெகவரி பண்ணலையா சார்?" என்று சுரேஷ்பாபு வருத்தத்தோடு கேட்டார்.

ராத்திரி கேரல்ஸ் பாடியவர்கள் சுவரைப் பார்த்து அசந்துபோனார்கள். கேக் வாங்க வந்த பக்கத்து வீட்டு ஷோபா லோயிஸின் காதருகே குனிந்தாள்.

"பளிச்சினு கீதுக்கா! பொங்கலுக்கு எங்க வூட்டுக்கும் அடிக்கணும். சொன்ன ஒடனே எங்க வூட்டுக்காரருக்கு முதுகு புடிச்சிக்கிச்சாம். புத்தூருக்கு எந்த பஸ்ஸுக்கா ஏறணும்?"

லோயிஸ் என்னைப் பார்த்தாள். ஆண்குலத்தின் மானம் அந்த நேரத்தில் என் வாயில் இருந்தது.

"திருப்பதி சுத்திப் போவாதம்மா" என்றேன். "காலையில நேர் பஸ்ஸே இருக்குது."