என் வயிற்றுக்கு ஓர் எஸ்டிமேட்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாகவே இருக்கிறேன்; தாங்களும் என் மகளும் அங்கே நலமென்று நம்புகிறேன். போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதை இந்த மனிதர் ஏன் தாளில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் மனைவி பக்கத்தில் வந்து காதை நீட்டுவாள். விஷயமே அவளைப் பற்றியதுதான். அவள் தினமும் சாயங்காலம் போன் செய்து என்னைத் திட்டுகிறாள். தாங்கள் தலையிட்டு அதை நிறுத்தித் தர வேண்டும். இதுதான் இந்தக் கடிதத்தின் கோரிக்கை.

எல்லாம் டாக்டரம்மாவால் வந்த வினை. சர்க்கரை எல்லை தாண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடுறீங்க? உத்தேசமா சொல்லுங்க சார்" என்றார். யாரிடம் போய் உத்தேசம் கேட்கிறார் பாருங்கள்! கான்ட்ராக்டரிடம் காலமெல்லாம் எஸ்டிமேட் போட்டே ஓய்வு பெற்றவன் நான். வெறும் மனையைக் காட்டினால் செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று நின்ற இடத்தில் சொல்வேன். ஆனால் தட்டைப் பார்த்து எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "பசி அடங்குற வரைக்கும் சாப்பிடுவேம்மா" என்றேன். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட உங்கள் மனைவி சமையலறைத் தராசு ஒன்றைக் கூரியரில் அனுப்பினாள். என் போனில் ஓர் ஆப்பையும் ஏற்ற வைத்தாள். சாப்பிட்டதை அதில் எழுத வேண்டும். அளவுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு, சிவப்பானால் அவள் போனுக்கும் தகவல் போய்விடும். பெற்ற தகப்பனை வேவு பார்க்க ஓர் ஏற்பாடு! முதல் நாளே சோற்றைத் தட்டோடு வைத்து நிறுத்துவிட்டேன். எவர்சில்வர் தட்டையும் சேர்த்து நான் தின்றதாகக் கணக்காகி, ஆப் ரத்தச் சிவப்பாகிவிட்டது. கை கழுவுவதற்குள் போன். "அப்பா, என்னப்பா இது? நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தரா சாப்பிட்டிருக்கீங்க!" என்று கத்தினாள். தட்டைக் கழித்துக் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

அடுத்தது என் தொழில் புத்தி செய்த வேலை. எஸ்டிமேட் என்றால் சேதாரத்துக்கென்று நூற்றுக்குப் பத்து கூட்டிப் போடாமல் எனக்குக் கை வராது. ஒரு மூட்டை மிஞ்சினால் முதலாளி முகம் சுளிப்பார், ஒரு மூட்டை குறைந்தால் வேலையே நின்றுவிடும். அதே கை இங்கேயும் பருப்புக்குப் பத்து, ரொட்டிக்குப் பத்து என்று ஏற்றிக்கொண்டே போனது. மறுபடியும் சிவப்பு, மறுபடியும் போன். "சாப்பாட்டுல எதுக்குப்பா சேதாரம்? கீழே சிந்தினதையும் பொறுக்கித் திங்கிறீங்களா?" என்றாள். நியாயமான கேள்விதான். சரி, துல்லியமாக எழுதுவோம் என்று பேக்கரிக்குப் போய், ஒரு பன்னில் வெண்ணெய் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று விசாரித்தேன். கையில் பேனாவைப் பார்த்ததும் அந்த மனிதர் என்னைச் சோதனை போட வந்த அதிகாரி என்றே முடிவு கட்டிவிட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு பிஸ்கட் பெட்டியைக் கையில் திணித்தார். அதையும் எழுத வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவள் திட்டியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பிறகு ரோஷம் வந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். தட்டைக் கழித்தேன், பத்தை விட்டேன், பிஸ்கட்டைக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்தேன். ஆப் பச்சையாகிவிட்டது. அன்று போன் வரவில்லை. மறுநாளும் பச்சை, மறுநாளும் போன் இல்லை. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தையல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சார் அடிக்குது. யாராவது கூப்பிட்டாத்தானே அடிக்கும்?" என்றார்.

மாப்பிள்ளை, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. உங்கள் அத்தை இருந்தவரை மகள் அவளிடம்தான் பேசுவாள், போன் கடைசியில் என் கைக்கு வரும். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேம்மா." அத்தோடு முடிந்தது. அத்தை போன பிறகும் எங்களுக்கு அந்த இரண்டு வார்த்தைதான். இந்தக் கலோரி வந்ததும்தான் பேச்சு நீண்டது. எத்தனை ஸ்பூன், எந்த ஸ்பூன், அம்மாவுடைய சின்ன ஸ்பூனா, அதை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று அவள் கேட்பாள், நான் சொல்வேன். தனியாக இருந்து பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பழகவில்லை. பச்சையாக இருந்த அந்த நாட்களில் வீட்டில் என் குரலை நானே கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஆப்பில் ஒரு துண்டு கேக் கூடுதலாக விழுந்துவிட்டது. கேக்கென்றால் தின்ற கேக் இல்லை, எழுதிய கேக். சிவப்பாயிற்று, போன் வந்தது. மறுநாள் இரண்டு துண்டு. இப்போது தினமும் கேக்தான். எழுத்தில் நான் பெருத்துக்கொண்டே போகிறேன், எடை மெஷினில் இளைத்துக்கொண்டே போகிறேன். இந்தக் கணக்கு மகள் வழியாக டாக்டரம்மாவுக்கும் போகிறது; அவர் குழம்பிப்போயிருப்பார், மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று. அதுகூடப் பரவாயில்லை. உங்கள் மனைவி வேலை முடிந்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே என்னைத் திட்டுகிறாள். நேற்று மூச்சு வாங்கியது. இல்லாத கேக்குக்காக என் பெண்ணுக்குத் தொண்டை கட்டிப்போக வேண்டுமா? நானாக நிறுத்தலாமென்றால், சாயங்காலமானால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆகவே அந்தச் சிவப்புத் தகவல் அவள் போனுக்குப் போகாதபடி தாங்களே செய்துவிட வேண்டும். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

இருவரும் ஒரு குறையுமின்றி நீடு வாழ்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், எவ்வளவென்று எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ள கோரிக்கையைத் தயவுசெய்து அடித்துவிடவும். கடிதத்தை உறைக்குள் வைக்கும்போது போன் அடித்தது. அவள்தான். "இன்னைக்குப் பச்சைதானேம்மா, எதுக்குக் கூப்பிடுற?" என்றேன். "அதனாலதாம்பா கூப்பிட்டேன். கேக் எங்கே? உடம்பு சரியில்லையா?" என்றாள். உறையைக் கீழே வைத்துவிட்டேன். "என் பிறந்தநாள் கேக்கையே அம்மா தட்டுல தள்ளிவிடுற ஆளு நீங்க. எனக்குத் தெரியாதா? கேக்கைக் கழிச்சுட்டுத்தான் டாக்டருக்கே கணக்கு அனுப்புறேன். சரி, நாளைக்கு என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். யோசிக்க வேண்டும் என்றேன். "கொஞ்சம் பெருசாவே எழுதுங்கப்பா," என்றாள், "நாளைக்கு எனக்கு லீவு."