முதல் பக்கம் படித்து ஊற்றிய போத்தல்

நாலந்தா,
மாத்தளை.

அன்புள்ள மகன் உதயராஜுக்கு,

உன் பெரியப்பா அழகையா சொந்தக் கையால் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். கோயம்புத்தூரில் நீங்களும் நலமாக இருக்க எங்கள் முத்துமாரி துணை. கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒன்பது நாள் ஆனது. நீயும் நிதானமாகப் படி.

முதலில் உனக்கு நன்றி. நான் கேட்டபடியே பெரிய எழுத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாயே, எழுபத்தொரு வயதில் எனக்கு வந்த கடிதத்தை நானே படித்தேன். முதல் பக்கத்துக்கு மட்டும் மூன்று நாள். அங்கே பெற்றோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால், அதாவது கரும்புச் சாராயம், கலக்கிறார்கள் என்று அதில் இருந்தது. இங்கே மாதக் கடைசி வந்தால் பெற்றோல் விலை ஏறிவிடுமோ என்று என் மகன் சசிக்குமார் புலம்பாத நாள் இல்லை. சீகிரியாவில் த்ரீவீலர் ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன கவலை?

முதல் பக்கம் முடித்த அடுத்த நாள் காலை உன் பெரியம்மா பரிமளத்துக்குக் கண் ஆப்பரேசன். எட்டு மாதம் காத்துக் கிடைத்த தேதி. ஏழு மணிக்குள் மாத்தளை ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும், தவறினால் மறுபடி எப்போதோ. சசியின் வண்டியிலோ பெற்றோல் குறைவு. மகனுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று, அவன் முகம் கழுவப் போன நேரம் என் போத்தலை எடுத்தேன். அவன் வண்டியில் வந்த ஒரு வெள்ளைக்காரர் அன்பாகக் கொடுத்த வெள்ளைச் சாராயம் அது. நான் குடிப்பதில்லை, முழங்காலில் தேய்ப்பேன். வலி ஓடியே போய்விட்டது. ஐந்து மாதம் தேய்த்தும் போத்தல் குறையவில்லை, வெளிநாட்டுச் சரக்கல்லவா! மணம் எப்படி என்று கேட்காதே. மிளகு அரைக்கும் மில்லில் முப்பது வருசம் நின்ற மூக்கு இது, எதுவும் மணக்காது. முழுப் போத்தலையும் வண்டியின் பெற்றோல் தாங்கியில் ஊற்றினேன்.

மாத்தளைக்குச் சற்று முன்னால், அலுவிகாரைக்குக் கிட்ட வண்டி இருமியது, விக்கியது, நின்றுவிட்டது.

"என்னப்பா செஞ்சீங்க?" என்றான் சசி.

"ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் எத்தனால்."

பரிமளம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் குணத்துக்கு அது அதிசயம். ஆப்பரேசன் பயம் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வேளையாகப் பக்கத்திலேயே, சசி நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மெக்கானிக் பஸ்லியின் கராஜ். அவர் தாங்கியைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் காட்டினார். மேலே பெற்றோல், அடியில் தண்ணீர்.

"ஐயா, தாங்கிக்குள்ள கிணறா தோண்டினீங்க?"

"சாராயம் ஊத்தினாராம், பஸ்லி நானா. லெட்டர்ல படிச்சாராம்," என்றான் சசி.

"வண்டி கெடக்கட்டும், அம்மாவ ஏத்துங்க!" என்று பஸ்லி கடையைப் போட்டது போட்டபடி விட்டுத் தன் வேனை எடுத்தார். ஆறு ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசல். அந்த மனிதர் நூறு வருசம் வாழ வேண்டும்.

பரிமளத்தை உள்ளே கூட்டிப்போன பிறகு, வாங்குப் பலகையில் உட்கார்ந்து உன் இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். அதன் முதல் சொல் 'ஆனால்'. மகனே, அதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கக் கூடாதா? வண்டி முன்போல் தூரம் ஓடாது, பழைய வண்டியின் ரப்பர் குழாய் கெட்டுப்போகும், சாராயம் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தங்கும். எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதியிருக்கிறாய்! தண்ணீர் தங்குவதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அங்கே கலக்கிறவர்களிடம் சொல், நாலந்தாவிலும் சோதித்துப் பார்த்தாயிற்று என்று.

ஆப்பரேசன் நன்றாக முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் பரிமளம் என்னைப் பார்த்து, "என்னங்க, இம்புட்டு நரைச்சுப் போயிட்டீங்க?" என்றாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? பார்வை கொடுத்த டாக்டருக்கும் வேன் எடுத்த பஸ்லிக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கும் கடிதம் போட்ட உனக்கும் என் கும்பிடு. வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும் சொல்லு.

இப்படிக்கு,
பெரியப்பா அழகையா

பின்குறிப்பு: இதைப் பரிமளத்துக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து, புதுக்கண்ணில் தண்ணீர் வரக் கூடாதென்று பொத்திக்கொண்டாள். "நீங்க குடிக்கப் பழகிருவீங்கன்னு அந்தச் சாராயத்த வந்த அன்னைக்கே கொட்டிட்டேங்க. அதுல இருந்தது குழாத் தண்ணி. கொறையக் கொறைய நாந்தான் ஊத்தி வச்சேன்." ஆகவே எத்தனாலைப் பற்றி நான் சோதித்ததாக எழுதியதை மட்டும் அடித்துவிடு. ஒன்பது நாள் வேலையைக் கிழிக்க எனக்கு மனமில்லை. ஓடிப்போன முழங்கால் வலி இன்று காலையிலிருந்து திரும்பி வந்துவிட்டது.