எனக்கென்ன டென்ஷன்?

மனிதர்களில் ஒரு வகை உண்டு. அவர்களுக்கு டென்ஷன் என்பதே கிடையாது. ஊருக்கெல்லாம் தலைவலி வரும், தூக்கம் கெடும், வயிறு எரியும். இவர்களுக்கு மட்டும் ஒன்றும் வராது. அது எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர்களே சொல்வார்கள். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், கேட்காவிட்டால் மேசையைத் தட்டி இன்னொரு தரம்.

பள்ளத்தூர் லட்சுமணன் இந்த வகையில் முதல் தரம். சென்னையில் நடத்திய இரும்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி மீனலோசனியோடு சொந்த ஊரில் நிம்மதியாக வாழ வந்தவர். சாதாரண நிம்மதி இல்லை. விடிந்ததும் கடையைத் திறந்தாயிற்றா என்று மகனுக்குப் போன் போட்டு, அவன் எடுக்காவிட்டால் மருமகளுக்குப் போட்டு, அவளும் எடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரருக்குப் போட்டு, நடுவில் காபி ஏன் ஆறிவிட்டது என்று மீனலோசனியிடம் விசாரணை நடத்தி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே நிம்மதியாக இருப்பார். கோபமா? அவருக்கா? குரல் மட்டும்தான் உயரும்.

அப்படிப்பட்டவர் ஊருக்கு நல்லது செய்ய நினைத்தார். தம் வீட்டிலேயே ஒரு முகாம்: ‘மன அழுத்தம் போக்குவோம்’. தமக்குத் தேவையில்லை, பங்காளிகளுக்கு உதவட்டும் என்கிற பெருந்தன்மை. காரைக்குடியிலிருந்து டாக்டர் கிருஷ்ணப்ரியா வர ஒப்புக்கொண்டார்.

வேறு ஊராக இருந்தால் ஒரு நோட்டீஸ் ஒட்டி, நாலு நாற்காலி போட்டிருப்பார்கள். இங்கே அது நடக்குமா? வீடு வீடாகப் போய் நேரில் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்கு முதலில் போவது என்று முறை பார்க்க வேண்டும். வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் அப்புறம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? ஆகவே, ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்களுக்குக் கந்தரப்பம், சீயம், அப்பளம், மூன்று வகை ஊறுகாயோடு கல்யாண விருந்து ஏற்பாடாயிற்று. உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் பேசி முடித்ததும் பந்தி.

சமையலுக்கு ஆள் வைத்தார்தான். ஆளை மேய்க்க ஆள் வேண்டாமா? மீனலோசனி தலையில் ஒரு துண்டை இறுகக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கும் சாமான் அறைக்குமாக நடந்தார். ஏன் துண்டு என்று லட்சுமணன் கேட்கவில்லை. வேர்வைக்கு என்று நினைத்துக்கொண்டார்.

முகாம் அன்று காலையிலேயே பங்காளி இராமு வந்து நின்றார்.

“என்னண்ணே, எதுத்த வீட்டுக்குச் சொல்லிட்டுத்தேன் எங்க வீட்டுக்கு வந்தீகளாம்ல? எங்களுக்கெல்லாம் பிரஷர் வராதாக்கும்?”

“ராமு, எனக்கு எந்த டென்ஷனும் இல்ல. நீயும் ஆகாத!” என்றார் லட்சுமணன். தெருவில் போன ஆடு ஒன்று திரும்பிப் பார்த்தது.

கூட்டம் சேர்ந்ததும் மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் அமைதியா மூச்ச இழுத்து விடுங்க... டேய், எவன்டா அங்குட்டு நாற்காலிய இழுக்கிறது!”

குத்துவிளக்கு ஏற்றுவதைப் போல முதல் பரிசோதனையும் அவருக்கே நடந்தது. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். சற்று உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார்.

“ரொம்பக் கூட இருக்கு சார். ராத்திரி தூக்கம் வருதா?”

முந்தின இரவெல்லாம் மேலே தேக்கு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அது தூக்கமில்லாமல் அல்லவே? உத்திரத்தைக் கரையான் அரிக்கிறதா என்று பார்த்தது.

“மிஷின்ல கோளாறு டாக்டர். இவளுக்குப் பாருங்க, தெரிஞ்சுபோகும். வீட்ல இருக்கிறவளுக்கு என்ன டென்ஷன்? மீனா! இங்குட்டு வா!”

கரண்டியோடு வந்த மீனலோசனியைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். டாக்டரின் முகம் மாறியது. லட்சுமணனுடையதைவிட அதிகம்.

“தலைவலி உண்டா ஆச்சி?”

“எதக் கேக்குறீக? எந்திரிக்கயில வாரதா, இவுக போன் பேசயில வாரதா?”

“டென்ஷன் ஆகாத மீனா! ஆகாதன்னு சொல்றேன்ல!” என்று லட்சுமணன் கத்தினார்.

“சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க” என்று டாக்டர் கதவைச் சாத்தினார். இராமுவின் மனைவி சாலா மட்டும் துணைக்கு உள்ளே போனாள்.

சற்று நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். “மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க வெளியில வந்ததும் அவங்களுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கு. இன்னும் அதிகம்தான். இப்பவே காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போய் முழுசாப் பாக்கணும். நீங்களும் பாத்துக்கணும். ஆனா அவங்க பந்தி முடியாம வர மாட்டேங்கிறாங்க. தூக்கம் வேணும், நடை வேணும், மனசுல இருக்கிறத யார்கிட்டயாவது சொல்லவும் வேணும்.”

“ஏன், என்கிட்டச் சொன்னா என்ன!”

டாக்டர் அடுத்தவருக்குப் பட்டையைச் சுற்றப் போய்விட்டார்.

பந்தி முடியாமல் எப்படிப் போவது? மீனா சொல்வது நியாயம்தானே? இலை போட வேண்டிய வீட்டுக்காரி எழுந்து போனால் பங்காளிகள் என்ன பேசுவார்கள்? இதையே சொல்லிவிடலாம் என்று கதவில் கை வைத்தார் லட்சுமணன்.

உள்ளே சாலா ஏதோ சொல்ல, மீனலோசனி சிரித்தார். புன்னகை இல்லை, மூச்சு முட்டுகிற சிரிப்பு. அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கதவைத் திறந்தால் அது நின்றுவிடும் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லவில்லை. தெரிந்தது.

கையை எடுத்துக்கொண்டார்.

“அண்ணே, எல போட்டுரவா?” என்று இராமு வந்தார்.

“எலய வேற யாராச்சும் போடட்டும். சாலாவையும் கூட அனுப்பு, நான் காரை எடுக்குறேன்” என்றார் லட்சுமணன். குரல் எழும்பவில்லை. “இல்ல, வேணாம். ஆச்சிய முன்னாடி உக்கார வச்சு, காரைக்குடிக்கு நீயே ஓட்டிப் போறியா? நான் பின்னாடி பஸ்ல வாரேன்.”

“விருந்து, அண்ணே?”

“கெடக்கட்டும்.”

பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்காரர் தம் பந்தியை விட்டுவிட்டு பஸ் ஏறினார் என்ற செய்தி அன்று சாயங்காலமே புதுவயல் வரை போய்விட்டது. போகட்டும்.

இதைப் படித்துவிட்டு, ‘எங்கள் மாமாவும் இப்படியேதான்’ என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள், உடம்புக்கு நல்லது. நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பிச் செருப்பு மாட்டியதும் தெருவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறதா? தயவுசெய்து திரும்பிப் போய், ‘என்ன சிரிப்பு?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.