வரப்பில் ஓடிய இன்ஸ்பெக்டர்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. மஸ்கட்டுக்குப் போகும் கேசட்டில் ஒரு கதையின் முடிவைச் சொல்ல வேண்டும்.

அடுத்த வீட்டு ஜொஹராவின் கணவர் காதர் அங்கே கட்டட வேலையில் இருந்தார். அவர்களுக்குக் கடிதத்தைவிடக் கேசட்தான் பழக்கம். இவள் பேசி அனுப்புவாள், அவர் பேசி அனுப்புவார்.

அந்த மாதம் வந்த கேசட்டில் குரல் இறங்கியிருந்தது. சாரத்திலிருந்து விழுந்து காலில் கட்டு. இனி சரியாக நடக்க முடியுமா, தெரியாது. கம்பெனி வைத்துக்கொள்ளுமா, அதுவும் தெரியாது.

கடைசியில் ஒரு கேள்வி. "அக்கா வீட்டு டிவியில பார்த்தோமே, காலை இழுத்து இழுத்து நடக்கிற இன்ஸ்பெக்டரு, அவரு கொலைகாரனைப் புடிச்சாரா?"

லீவில் வந்தபோது அந்தத் தொடரை நாலு வாரம் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அது ஏழாவது வாரத்தோடு நின்றுபோனது. கடைசியாக நாங்கள் பார்த்தது, மேலதிகாரி ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு, "நடக்கவே முடியாதவனுக்கு எதுக்குய்யா கேஸு?" என்று கேட்டதைத்தான்.

"இதையா அக்கா அவங்களுக்குச் சொல்றது?" என்றாள் ஜொஹரா. "காலேஜ்ல தமிழ் படிச்சவங்க நீங்க. நல்லதா ஒரு முடிவு கட்டிச் சொல்லுங்க. நான் பேசினா அழுதுடுவேன்."

அழுவதில் நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் கதை என்றதும் கர்வம் வந்துவிட்டது.

அரை மணி நேரம் உருகிப் பேசினேன். கொலைகாரன் கம்பவுண்டர் என்று முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜொஹரா டேப்ரெக்கார்டரை எட்டிப் பார்த்தாள். "அக்கா, செவப்புப் பட்டனை அமுக்கவே இல்லியே."

அதே நேரம் வாசலில் வேன் வந்து நின்றது. கேசட்டை எடுத்துப் போகிற குடவாசல் ஹமீது, "சீக்கிரம் குடுங்கம்மா, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு" என்றார்.

ஹார்ன் அடிக்க அடிக்க, அரை மணிக் கதையைப் பத்து நிமிடத்தில் கொட்டினேன். அவசரத்தில் கம்பவுண்டர் ரைஸ்மில் முதலாளி ஆகிவிட்டார். நான் பறக்க, இன்ஸ்பெக்டரும் பறந்தார். நெல் மூட்டைகளைத் தாண்டி, வாய்க்கால் வரப்பில் விரட்டி ஓடி, மதகடியில் ஆளை அமுக்கினார். மேலதிகாரி சல்யூட் அடித்தார். வேன் போய்விட்டது.

மறுமாதம் பதில் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

"அக்கா, ரூம்ல எட்டுப் பேரும் மூணு தடவை கேட்டோம். அந்த ரைஸ்மில்காரன் மேல எனக்கு அப்பவே சந்தேகம்."

தொடரில் ரைஸ்மில்லே கிடையாது. ஆனாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுக்கா. வரப்புல ஓடினாருங்கிறீங்க. நல்ல காலு உள்ளவனே வரப்புல ஓடினா சேத்துல விழுவான்."

கேசட்டுக்குள் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். பிறகு காதரின் குரல் மட்டும்.

"பரவால்லக்கா. என்னை இப்ப ஸ்டோர்ல உட்கார்ற வேலையில போட்டிருக்காங்க. அவரையும் உட்கார வச்சே புடிக்க வச்சிருக்கலாம்."

ஜொஹரா சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள். சும்மா இருப்பானேன் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: பொய் மெதுவாக நடந்து போக வேண்டும். ஓடினால் மாட்டிக்கொள்ளும்.