முதல் பெஞ்சில் முட்டி போட்ட சாத்தான்

உலகத்துல எத்தனையோ சாத்தான் இருக்கலாம். ஞாயித்துக்கிழமை காலைப் பூசைக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து, முதல் பெஞ்சில முட்டி போடுற சாத்தான் எங்க லிங்கராஜபுரத்துல மட்டும்தான் இருந்தார்.

தொழில் மிக்ஸி ரிப்பேர். ஞானஸ்நானத்துல வச்ச பேர் என்னன்னு யாருக்கும் ஞாபகமில்ல. "சாத்தான் அண்ணே, டீ ஆச்சா?"ன்னு கேப்பாங்க. "தேவ கிருபையில ஆச்சுப்பா"ன்னு சாத்தான் பதில் சொல்லுவார். ரிப்பேருக்கு வந்த மிக்ஸியில மறக்காம சொந்தக்காரங்க பேர் எழுதி ஒட்டுவார். என் மிக்ஸிக்கு மட்டும் பேர் கிடையாது, ஒரு இட்லி படம் வரைஞ்சு ஒட்டியிருப்பார். நான் இட்லிக் கடைக்காரி, அதனால கிண்டல் பண்றார்னு நினைச்சேன். நானும் விடல. "இட்லி சப்பையா இருக்கு, ஒழுங்கா வரைய்யா"ம்பேன்.

சாத்தான்கிற பேர் வந்தது சினிமாவால. வருஷா வருஷம் கோயில் திருவிழா சாயங்காலம், காம்பவுண்டு சுவத்துல வேட்டி கட்டி, தான் போன்ல எடுத்த படத்தைப் போட்டுக் காட்டுவார். கடவுளுக்கும் சாத்தானுக்கும் சண்டை, இதைத் தவிர வேற கதையே எடுக்க மாட்டார். சாத்தான் வேஷம் கட்ட யாரும் வரல, அதனால அவரே கட்டினார். கொம்பு மாட்டுறதுக்கு முன்னாடி சிலுவை போட்டுக்குவார். கெட்டுப்போன மிக்ஸி அலறுறதைப் பதிஞ்சு வச்சு, சாத்தான் வரும்போதெல்லாம் போடுவார். பச்சைக் குழந்தைங்க வீல்னு கத்தும்.

வினை என்னன்னா, அவர் ரொம்ப நல்லா நடிச்சிட்டார். ஒரு வருஷம் சாத்தான் ஒரு உபவாசக்காரனைப் பிரியாணி காட்டி மயக்குறார். மூடியைத் திறந்ததும் கூட்டம் மொத்தமும் பிரியாணி கட்சி. கடவுளா வந்த டிராயிங் வாத்தியார், பஸ்ல சீட்டு கேக்குற மாதிரி, "பிசாசே, கொஞ்சம் தள்ளிப் போறியா"ன்னாரு. யார் மதிப்பா? அடுத்த வருஷமும் விசில் சாத்தானுக்குத்தான்.

ஃபாதர் கூப்பிட்டு விட்டார். "கோயில் திருவிழாவுல சாத்தான் கை தட்டல் வாங்குறது நல்லாவா இருக்கு? இந்தத் தடவையும் அவன் ஜெயிச்சா, இனிமே வேட்டியும் கிடையாது, சுவரும் கிடையாது."

மனுஷன் ரெண்டு நாள் கடை திறக்கல. மூணாவது நாள் என் இட்லிக் கடை முன்னாடி வந்து நின்னார்.

"அக்கா, நீங்கதான் கடவுள்."

"காலையிலேயே குடிச்சிட்டியாய்யா?"

"குரல்க்கா. குரல் மட்டும். உங்க குரல்ல தண்ணி லாரியே ரிவர்ஸ்ல போயிருக்கு. வாத்தியார் குரலை நம்பி மோசம் போயிட்டேன். மானத்தைக் காப்பாத்துங்க."

போயிருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஒத்துக்கிட்டேன். எல்லாருக்கும் வசனம் எழுதின பேப்பர் குடுத்தார். நான் மூக்குக் கண்ணாடியை வீட்டுல வச்சிட்டேன்னு சொல்ல வாயெடுத்தேன். வருஷக்கணக்கா சொல்ற பொய் அது. அதுக்குள்ள அவரே, "கடவுள் பேப்பர் பார்த்துப் படிச்சா நல்லா இருக்காதுக்கா. நான் வாயால சொல்றேன், கேட்டுக்கங்க"ன்னாரு. நியாயமாத்தான் பட்டுச்சு.

சாத்தான் வேஷத்தை இந்தத் தடவை ஆட்டோ ஓட்டுற மஞ்சண்ணாவுக்குக் குடுத்தார். கன்னடக்காரர், தமிழ் பாதி புரியும். வசனமே இல்லாத வேஷம். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா உள்ள வரணும், அவ்ளோதான்"னு சொல்லி வச்சிருந்தார்.

கடைசி சீனைத் திருவிழா அன்னைக்கு மத்தியானம் எடுத்தோம். பூக்காரி ரோசி நோயாளியாப் பாயில கிடக்குறா. அவ "தேவா! தேவா!"ன்னு கதறணும், தார்ப்பாய்க்குப் பின்னாடியிருந்து நான், "மகளே, அஞ்சாதே"ன்னு பேசணும்.

ரோசி, "தேவா!"ன்னா.

குபீர்னு கொம்போட குதிச்சார் மஞ்சண்ணா. "யாக்கம்மா கூக்தியா? பந்தே, பந்தே!" ஏம்மா கத்துற, இதோ வந்துட்டேன்கிறார்.

கன்னடத்துல பேய்க்கு தெவ்வான்னு பேர். அவ ஆண்டவரைக் கூப்பிடுறா, இவருக்குத் தன்னைக் கூப்பிட்ட மாதிரி கேக்குது. விளக்கிச் சொன்னா "கொத்து, கொத்து, தெரியும்"னு தலையாட்டுறார். மறுபடி ரோசி வாயைத் திறந்தா, மறுபடி கொம்பு. இப்படி அஞ்சு தடவை. கோயில் மணி அடிக்கிற நேரமாச்சு. படம் பிடிக்கிற நம்ம சாத்தான் முகம் வேத்து ஒழுகுது. இந்த சீன் இல்லாட்டி அந்த வருஷமும் கடவுள் தோத்துடுவார்.

ஆறாவது தடவையும் மஞ்சண்ணா குதிச்சார். எனக்குப் பொறுக்கல. மகளே, அஞ்சாதே எல்லாம் மறந்து போச்சு.

"யோவ்! உன்னை யாருய்யா கூப்பிட்டா? அவ என்னைக் கூப்பிடுறா! இன்னொரு வாட்டி எட்டிப் பாத்தே, கொம்பைப் பிடுங்கிடுவேன்! ஓடு!"

மஞ்சண்ணா நிஜமாவே ஓடினார். ஒரு கொம்பு சாக்கடையில, ஒரு செருப்பு ரோசி மேல. ஆட்டோவை எடுத்துக்கிட்டுப் போனவர் ஹெண்ணூர் ரோட்டுலதான் நின்னாராம். நான் தலையில அடிச்சிக்கிட்டு வெளிய வரேன், நம்ம சாத்தான் போனை இறக்காம அழுதுகிட்டிருக்கார்.

"கெடுத்துட்டேனாய்யா?"

"இதான்க்கா க்ளைமாக்ஸ்!"

அன்னைக்கு சாயங்காலம் அந்த வேட்டியில கடவுள் போட்ட சத்தத்துக்குத் தெருவே எழுந்து நின்னு கை தட்டுச்சு. முன் வரிசையில ஃபாதரும் தட்டினார். "அடுத்த வருஷம் பெரிய வேட்டியாக் கட்டுங்க"ன்னார்.

இப்போ சாத்தான் சந்தாபுராவுல மக வீட்டோட இருக்கார். காலையில பூசை முடிஞ்சதும் போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்புவார்: "அக்கா, கடவுள் சௌக்கியமா?" மத்தவங்களுக்கெல்லாம் எழுத்துல அனுப்புறவர், எனக்கு ஒரு எழுத்துகூட அனுப்பினதில்ல. இட்லி படம் ஏன்னு எனக்கு உறைக்கவே ரொம்ப நாளாச்சு. தெரிஞ்சுக்கிட்டே, இத்தனை வருஷம் யார்கிட்டயும் மூச்சு விடல அந்த மனுஷன்.

இப்பத்தான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, இதை நானே எழுத்துக் கூட்டி எழுதினேன், முடிக்கப் பத்து நாளாச்சு. யோவ் சாத்தான், இந்தப் பேப்பர் உனக்கு. பார்த்துப் படிக்கலாம், தப்பில்ல.