மீன் கூடையில ஆஸ்பத்திரிக்குப் போன ஜூலி

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. பூனையை மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போயி, கருத்தடை ஆபரேஷன் பண்ணிகினு வரணும். அவ்ளோதான்.

பேரு ஜூலி. பொட்டப் பூனை. ராயபுரத்துல நாங்க மாடி போர்ஷன்ல குடியிருந்தப்போ வளர்த்தது. செல்போன்ல பாம்பு கேமு ஆடிகினு இருந்த காலம். ஜூலி படி தாண்டி கீழ எறங்குனதே கிடையாது. அதுக்கு உலகம்னா ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, டிவி பொட்டி மேல கொஞ்சம் எடம்.

ஆனா வெளிய கீற உலகத்துக்கு ஜூலியைத் தெரிஞ்சு போச்சு. அது ஒரு மாதிரியா கத்த ஆரம்பிச்சா, காசிமேட்டுல கீற அத்தனை கடுவன் பூனையும் எங்க ஆஸ்பெஸ்டாஸ் மேல ஆஜர்! சாதா பூனையா அதெல்லாம்? வஞ்சிரம் துன்னு வளந்த ரவுடிங்க.

ஒரு நாள் கீழ ஹவுஸ் ஓனரம்மா சமையக்கட்டு மேல கீற ஷீட்டு ஒடைஞ்சு, அதுல ஒரு ரவுடி நேரா அந்தம்மா ரசக் குண்டான்ல எறங்கிடுச்சு.

அந்தம்மா மேல வந்துது. "இன்னாப்பா, வூடு உனக்குக் குடுத்தேனா, ஊர்ல கீற பூனைக்கெல்லாம் குடுத்தேனா? இன்னொரு தபா இப்டி ஆச்சு, காலி பண்ணிகினு போய்னே இரு!"

"ஆபரேஷன் பண்ணிடறேன்மா."

"ஆபரேஷனா? அடப்பாவி! பொம்பளை ஜென்மத்து வயித்துல கத்தி வெப்பியா? அந்தப் பாவம் சும்மா வுடுமா?"

"அப்போ குட்டி போடட்டுமா?"

"குட்டி கிட்டி போட்டுச்சு, அன்னிக்கே காலி பண்ணு!"

கத்தவும் கூடாது, குட்டியும் கூடாது, ஆபரேஷனும் கூடாது. ஜூலி பேசாம காவி கட்டிகினு காசிக்குத்தான் போவணும்.

ஹார்பர்ல என்கூட கண்டெய்னர் எண்ணி எழுதற வேலை பாத்த தோஸ்து பஷீருகிட்ட யோசனை கேட்டேன்.

"மாமு, ஒரு தபா குட்டி போடட்டும், அப்பால பண்ணு. தாயாவாத ஜென்மம் இன்னா ஜென்மம், சொல்லு?" ன்னான்.

அவனுக்குக் கல்யாணமே ஆவல. தாய்மையைப் பத்தி அரை மணி நேரம் பேசுனான். கேட்டுகினு இருந்த எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

வூட்டுக்கு வந்து நானும் ஆரம்பிச்சேன். "பாவம், வாயில்லா ஜீவன். அது வயித்தை அறுக்கறதுக்கு நாம யாரு?"

இதையெல்லாம் புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டிகினே கேட்டுகினு இருந்தது செல்வி, எம் பொண்டாட்டி.

இங்க ஒண்ணு சொல்லணும். அப்போ செல்விக்கும் ஒரு ஆபரேஷன் பாக்கி இருந்துச்சு. ரெண்டு புள்ளைங்க, போதும்னு முடிவு பண்ணிட்டோம். குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்க வரச் சொல்லி நர்ஸம்மா வூட்டாண்ட வந்து வந்து போவுது. செல்விக்கு ஒடம்புல ரத்தம் கம்மி. ரெண்டு பிரசவத்துல ஆடிப்போன ஒடம்பு. கத்தின்னாலே பயம்.

"பயமா கீதுய்யா" ன்னு எங்கிட்ட சொல்லிச்சு.

"ஊர்ல எல்லாப் பொம்பளையும் பண்ணிக்குது, உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?" ன்னு சொல்லிட்டு நான் கிரிக்கெட் பாக்கப் போயிட்டேன். பூனைக்கு அரை மணி நேரம். பொண்டாட்டிக்கு அரை ஓவரு.

ஜூலி விஷயத்துல கடைசியா செல்விதான் முடிவு எடுத்துச்சு. "வூடு போச்சுன்னா ரெண்டு புள்ளைங்கள இடுப்புல வெச்சுகினு தெருத் தெருவா நான்தான் அலையணும். ஆபரேஷன் பண்ணியே ஆவணும். நானும் வரேன், கெளம்பு."

ஆஸ்பத்திரில மொதல்லயே சொல்லிட்டாங்க, வெறும் வயித்தோட கொண்டாரணும்னு. சாயங்காலத்துலேர்ந்து ஜூலிக்கு ஒண்ணும் காட்டல. அது என்னப் பாத்த பார்வைல நானும் சோறு துன்னாம படுத்தேன். அவ்ளோ நல்ல மனசு எனக்கு!

காத்தால கெளம்புற நேரத்துல பாத்தா, பூனையைப் போட்டு எடுத்துகினு போவ மூடி வெச்ச கூடை இல்ல. பக்கத்து வூட்டு மீன்காரக்கா கூப்டு குடுத்துச்சு. "இந்தா, என் மீன் கூடை. நல்லா கழுவித்தான் வெச்சுகீறேன், எடுத்துகினு போ."

புள்ளைங்க ரெண்டையும் ஹவுஸ் ஓனரம்மாகிட்ட வுட்டுட்டு, ஜூலியைக் கூடையில போட்டு, மேல துண்டைக் கட்டி, ஆட்டோவுல ஏறினோம்.

ஆட்டோக்காரரு மூக்கை உறிஞ்சுனாரு. "இன்னா மீனு நைனா?"

"பூனை."

மனுசன் மொத்தமா பின்னாடி திரும்பிட்டாரு. எதுத்தாப்ல வந்த கண்டெய்னர் லாரிக்காரன் வெச்ச திட்டை இங்க எழுத முடியாது.

ஆனா ஜூலி மட்டும் சத்தமே இல்ல. கத்தல, பிராண்டல.

"பாத்தியா செல்வி, எவ்ளோ சமத்து! நல்லதுக்குத்தான் கூட்டிகினு போறோம்னு அதுக்கே புரிஞ்சுகீது."

ஆஸ்பத்திரில எங்களுக்கு முன்னாடி ஒரு ஆடு, ஒரு எருமை. அதுங்க போனப்பறம் கூப்ட்டாங்க. லேடி டாக்டரு.

"வெறும் வயித்துலதானே கொண்டுவந்தீங்க?"

நெஞ்சை நிமித்திகினு சொன்னேன். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து பட்டினி டாக்டர். நானும்தான்."

டாக்டரு துண்டை அவுத்தாங்க. உள்ள ஜூலி உக்காந்துகினு மென்னுகினு இருந்துச்சு. வாயோரம் ஒரு நெத்திலி வாலு தொங்குது.

கூடைப் பின்னலுக்குள்ள மாட்டிகினு இருந்த பழைய நெத்திலி, காஞ்ச எறா, அத்தனையும் தோண்டித் தோண்டித் துன்னுட்டு வந்துகீது! பூனையை மீன் கூடையில போட்டு, பட்டினின்னு சொன்ன மொத ஆளு நான்தான்.

"இன்னிக்குப் பண்ண முடியாது. மயக்கம் குடுத்தா வாந்தி எடுத்து உயிருக்கே ஆபத்தாயிடும். நாளன்னிக்கு வாங்க. வேற கூடையில" ன்னாங்க டாக்டரு.

அதோட வந்துருக்கலாம். வந்தேனா? எனக்குத்தான் இளகின மனசாச்சே!

"டாக்டர், இது ஒடம்பு தாங்குமா? கொஞ்சம் நோஞ்சான். ரத்தம் நெறைய போவுமா? முழிச்சப்பறம் ரொம்ப வலிக்குமா? அப்பால இன்னா குடுக்கணும்? எத்தினி நாள் ரெஸ்ட்டு?"

டாக்டரு பொறுமையா ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாங்க. நான் தலையாட்டி தலையாட்டிக் கேட்டுக்கினேன். பக்கத்துல செல்வி என்னையே பாத்துகினு இருந்துச்சு. அப்பவே உஷாராகி இருக்கணும்.

"இந்தக் கேள்வில ஒண்ணே ஒண்ணு எனக்காக அந்த நர்ஸம்மாகிட்ட கேட்டியாய்யா?" ன்னு மெதுவாத்தான் கேட்டுச்சு செல்வி. கண்ணுல தண்ணி.

நான் ஜூலியைத் தடவிக் குடுத்தேன்.

டாக்டரு சூழ்நிலையைச் சரி பண்றதா நெனச்சுகினு சொன்னாங்க. "பயப்படாதீங்கம்மா. பெண் பூனைன்னா வயித்தைத் திறக்கணும், அதான் கொஞ்சம் பெரிய வேலை. ஆண் பூனைன்னா ஒண்ணுமே இல்ல, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

செல்வி கண்ணைத் தொடச்சுகிச்சு. "ஆம்பளைக்குப் பத்து நிமிஷமா டாக்டர்?"

"ஆமா."

"பூனைக்கு மட்டுமா, இல்ல எல்லா ஆம்பளைக்குமா?"

டாக்டரு என்னப் பாத்தாங்க. சிரிப்பை அடக்கிகினு சொன்னாங்க. "எல்லாருக்கும் சின்ன வேலைதாம்மா."

திரும்பி வர்ற ஆட்டோவுல நான் என்னென்னவோ பேசிப் பாத்தேன். ஹார்பர்ல வெயிட் தூக்கணும்னேன். (பேனா தவிர நான் எதையும் தூக்கினதில்ல.) ஆம்பளைக்குப் பண்ணா ஒடம்பு வீக்காயிடும், பஷீரு சொன்னான்னேன்.

"சரி, அப்போ நானே பண்ணிக்கறேன். நீ ஜூலியப் பாத்துக்க" ன்னுச்சு செல்வி. கோவமா சொல்லிருந்தா சண்டை போட்டுருப்பேன். பயந்துகினே சொல்லிச்சு. மறுநாளே போயி நர்ஸம்மாகிட்ட என் பேரைக் குடுத்தேன்.

அந்த வாரமே ஜூலிக்கு மாட்டாஸ்பத்திரில ஆச்சு. எனக்கு மனுச ஆஸ்பத்திரில ஆச்சு. டாக்டரு சொன்னது நெசம்தான், பத்து நிமிஷம். ஆனா அந்தப் பத்து நிமிஷமும் ஐயோ அம்மான்னு கத்துனதுல காசிமேட்டுக் கடுவனுங்களே பயந்துருக்கும்.

ஜூலி மறுநாளே டிவி பொட்டி மேல ஏறிடுச்சு. நான் பாயில படுத்துகினு மொனவினேன். செல்வி பால் சுறா வாங்கியாந்து புட்டு பண்ணி ஊட்டுச்சு. எங்க பக்கம் அது புள்ள பெத்தவங்களுக்குக் குடுக்கறது. துன்னேன், ரெண்டு தட்டு.

சாயங்காலம் ஹவுஸ் ஓனரம்மா படியேறி வந்து எட்டிப் பாத்துது. "ஆபரேஷன் ஆச்சாமே, ஒடம்பு எப்டி கீது?"

"பரவால்லமா. தையல் மட்டும் கொஞ்சம் இழுக்குது, நடந்தா வலிக்குது" ன்னேன்.

"உன்ன யாருப்பா கேட்டா? நான் பூனைய கேட்டேன்!"

மக்களே, பூனைக்கு ஆபரேஷன் பண்றதுன்னா தாராளமா பண்ணுங்க. ஆனா டாக்டரைப் பாக்கப் போறப்போ பொண்டாட்டியை வூட்லயே வுட்டுட்டுப் போங்க.